உடற்பெருக்கமும் ஆணவ மலமும்

உயிர்கள் அநாதியே ஆணவ மலத்தால் மறைப்புண்டு கிடப்பன. அம்மறைப்பினின்றும் அவற்றை மெல்ல மெல்ல எடுத்தற்பொருட்டு முதல்வன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்து உதவுகின்றான் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. ஆகலின் உடம்பு வெறும் பொய்த்தோற்றமும் அன்று; உயிர்க்குப் பகையும் அன்று. ஞாயிறு எழுங்காறும் இருளில் உதவும் கைவிளக்கை ஒப்பது அது. விளக்கைப் பேணாது அவியவிட்டவன் வழி காணான். விளக்கையே ஞாயிறென மயங்கினவனும் வழி காணான். இவற்றுள் பின்னைய மயக்கத்தைச் சான்றோர் பலகாலும் இடித்துரைத்துள்ளனர். ஆயினும் அவர் காலத்தில் இல்லாத புதியதொரு வடிவை அம்மயக்கம் இருபதாம் நூற்றாண்டிற் பெற்றது. ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனை எண்ணெயிற் கரைத்து ஊசியால் தசையுட் செலுத்தி, தோளும் மார்பும் துடையும் இயற்கைக்கு மேற்படப் பெருக்கிக்கொள்ளும் வழக்கமே அது. உடற்கட்டுப் பயிலும் இளைஞரிடை இவ்வழக்கம் பல நாடுகளிலும் பரவியுள்ளது. இதன் இயல்பும் கேடும் யாவை, இதனைச் செய்விக்கும் மயக்கம் எத்தன்மைத்து என்பன சித்தாந்த நெறி பற்றி ஆராய்தற்குரியன.

இச்சுரப்பின் வரலாறு சேவலில் தொடங்குகின்றது. 1849இல் ஜெர்மனி நாட்டுக் கெட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்னும் பேராசிரியர், விரை நீக்கிய சேவல்கள் கொண்டை வாடி ஒடுங்குதலையும், விரையை வயிற்றினுட் பதித்த சேவல்கள் கொண்டை வாடாது கூவிப் போர்செய்தலையும் கண்டார். விரையினின்றும் ஏதோ ஒரு பொருள் குருதியிற் கலந்து உடல் முழுதையும் ஆள்கின்றது என்பது அதனாற் பெறப்பட்டது. 1889இல் பாரிசு நகரத்தே பிரௌன் செக்கார் என்னும் உடலியலறிஞர், தம் எழுபத்திரண்டாம் அகவையில், விலங்குகளின் விரைச் சாற்றைத் தம் உடம்பில் ஊசியால் ஏற்றிக்கொண்டு, இளமையின் வலிமை மீண்டதென அறிஞர் அவையில் அறிவித்தார். அச்சாறு நீரில் எடுத்தது; இச்சுரப்போ நீரிற் கரையாதது. ஆகவே அவர் பெற்றதாகக் கூறிய வலிமை அவர்தம் கருத்தின் விளைவேயன்றி மருந்தின் விளைவன்று என்று பின்னையோர் தெளிந்தனர். மருந்து புகாமலே வலிமை வந்ததாக உணர்ந்த அம்முதியவர் நகைக்கத்தக்கவர் அல்லர். உடம்பின் நிலை வேறு, உடம்பைப் பற்றி உயிர் கொள்ளும் கருத்து வேறு என்பதற்கு அவரே நல்ல சான்று. இவ்வேற்றுமை பின்னரும் வேண்டப்படும்.

1931இல் பூட்டெனான்ட் என்னும் ஜெர்மானிய வேதியியலறிஞர் ஏறத்தாழ 15,000 லிட்டர் சிறுநீரினின்றும் 15 மில்லிகிராம் அளவே ஆண்ட்ரோஸ்டிரோன் என்னும் இனப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1935இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து லாக்கூர் குழுவினர் காளைகளின் விரையினின்றும் டெஸ்டோஸ்டிரோனையே பிரித்தனர். அவ்வாண்டிலேயே பூட்டெனான்டும், சுவிட்சர்லாந்தில் ருசிக்காவும் அதனைச் செயற்கையாக ஆக்கினர். 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அவ்விருவர்க்கும் அறிவிக்கப்பட்டது. சிறுநீர் ஒரு குளமளவு வேண்டியிருந்த பொருள் அதன்பின் ஆலையிற் பெருகலாயிற்று. எதற்கு ஆக்கப்பட்டதெனின், விரை நோயுற்றோர்க்கும் பிறவியிலேயே குறைந்தோர்க்கும் மருந்தாதற்கு. அதனைக் குறையில்லாதார் கைக்கொண்டது பிற்பட்ட செயல். இக்காலத்து உடற்கட்டுப் போட்டிகளுள் தலையாய மிஸ்டர் ஒலிம்பியாவில் வென்றார்க்கு அளிக்கும் பரிசு யூஜின் சாண்டோ என்னும் பயில்வானது சிலை. அவர் 1925இல் இறந்தவர். இச்சுரப்பு பிரித்தெடுக்கப்படுதற்குப் பத்தாண்டு முன்னரே, பளுவும் உணவும் உழைப்பும் கொண்டே அவ்வுடம்பு ஆக்கப்பட்டது என்பதைப் போட்டியிடுவோர் எண்ணுவார்கொல்லோ!

இனி, இம்மருந்து செய்வதென்ன? நலமுடைய ஆண்மகன் உடம்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் தானே சுரக்கின்றது. குறையுடையார்க்கு மருத்துவர் ஊசியாகத் தருவது வாரத்திற்கு 100 மில்லிகிராம் அளவினது. பெரும்பாலும் அது நல்லெண்ணெயிற் கரைத்த எனாந்தேட்டு என்னும் வடிவாகவோ, பருத்திவிதை எண்ணெயிற் கரைத்த சைப்பியனேட்டு என்னும் வடிவாகவோ அமையும். தசையுட் செலுத்தினால் எண்ணெயினின்றும் சிறிது சிறிதாகக் குருதியிற் கலக்கும். உடற்கட்டுப் பயில்வோர் கொள்வது இதனிற் பன்மடங்கு. அம்மடங்கின் விளைவை 1996இல் அமெரிக்க நாட்டில் பாசின் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் அளந்து வெளியிட்டனர். 43 ஆடவர் நான்கு கூறாக்கப்பட்டுப் பத்து வாரம் ஆராயப்பட்டனர். வாரந்தோறும் 600 மில்லிகிராம் ஊசி பெற்றுப் பளுப்பயிற்சியும் செய்தோர்க்குக் கொழுப்பல்லாத உடலெடை ஆறு கிலோ ஏறிற்று. மருந்தின்றி உழைத்துப் பயின்றோர்க்கு ஏறத்தாழ இரண்டு கிலோ. ஊசி மட்டும் பெற்று யாதொரு பயிற்சியும் செய்யாது வாளா இருந்தோர்க்கோ மூன்று கிலோவுக்கும் சற்று மேல். அப்பத்து வாரத்தில் அவருள் எவர்க்கும் மனநிலை வேறுபடவில்லை என்பதும் மறைக்கத்தக்கதன்று. மருத்துவர் மேற்பார்வையில், குறுகிய காலத்தில் நிகழ்ந்தது அது.

உழைத்தவனினும் வாளா இருந்தவன் மிகுதியாகப் பெற்றான் என்னும் இச்செய்தி வினைக்கொள்கை உடையார்க்கு ஒரு கேள்வியை எழுப்பும். வினை செய்யாமலே பயன் வருமோ? வருமாயின், செய்தவனுக்கே பயன் என்னும் நியதி கெடாதோ? கெடாது. என்னை? ஊசி ஏற்றிக்கொள்ளலும் வினையே ஆகலின். வேறுபாடு யாதெனின், பளுவைத் தூக்குவான் தோளை விரும்பித் தோளாற் செய்கின்றான்; அவன் வினை அவன் விரும்பிய உறுப்பளவில் நிற்கின்றது. ஊசியேற்றுவான் தோளை விரும்பிக் குருதியிற் செய்கின்றான். குருதி செல்லாத இடம் உடம்பில் இல்லை. மருந்து சடம். தன்னை ஏற்றவன் எதனை விரும்பினான் என்று அது அறியாது. தசையின் அணுக்களிற் பொருந்துமாறே அது எலும்பின் மச்சையிலும் தோலிலும் மூளையிலும் இதயத்திலும் பொருந்துகின்றது. ஒருவன் விரும்பிய ஒன்று வந்தது. விரும்பாத பத்தும் அவ்வினையின் பயனாகவே வந்தன.

அப்பத்தினுள் முதலாவது நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தருவது. ஆண்மையைப் பெருக்க ஏற்றிய மருந்து ஆண்மையின் ஊற்றையே அடைக்கின்றது. மூளையின் அடிப்புறத்துள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி, குருதியில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்துழி விரையை ஏவும்; மிகுந்துழி ஏவலை நிறுத்தும். புறத்திருந்து வந்தது, அகத்திற் சுரந்தது என்னும் வேற்றுமை அதற்குத் தெரியாது. ஆகவே ஊசியால் மிகுந்தவிடத்து ஏவல் நின்று, விரை வேலையின்றிச் சிறுக்கின்றது, விந்தணு குன்றுகின்றது. வாரத்திற்கு 200 மில்லிகிராம் ஊசியைக் கருத்தடை முறையாகவே உலக நலவாழ்வு நிறுவனம் ஆராய்ந்து 1990இல் முடிவு வெளியிட்டது; ஆறு மாதத்துள் பெரும்பாலார்க்கு விந்தணு அறவே இலதாயிற்று. மணமாகிப் பல்லாண்டு மகப்பேறின்றி மருத்துவரிடம் வந்து, ஏன் எனத் தெரியாது வருந்தும் பருத்த தோளினர் பலர். அவ்வருத்தத்திற் பாதி மனைவியது. செய்யாத வினைக்கு அவள் ஊரார் சொற் கேட்கின்றாள்.

இரண்டாவது, மிகுந்த சுரப்பில் ஒரு பகுதி உடம்பினுள்ளேயே பெண்மைச் சுரப்பாக மாறி, ஆடவர்க்கு முலை பருக்கின்றது. முற்றியபின் அறுவைச் சிகிச்சையன்றித் தீராது. தோலில் பருக்கள் எழும். வழுக்கைக்குரிய மரபுடையார்க்கு முடி விரைந்து உதிரும். பெண்டிர் ஏற்றுக்கொண்டால் குரல் ஆண்குரலாகத் தடித்துவிடும். மருந்தை விட்டபின்னும் அது மீளாது. வளரும் பருவத்துச் சிறுவர் ஏற்றால் எலும்பின் நுனிகள் முன்னரே மூடிக்கொண்டு உயரம் நின்றுபோம். ஈரலில் கட்டி முதலிய கேடுகள் பெரும்பாலும் வாய்வழி உண்ணும் இனமருந்துகளைச் சார்ந்தவை. அவற்றை ஊசியின்மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. ஆயின் ஊசிக்கென்றே உரிய கேடுகள் உண்டு. கள்ளச் சந்தைக் குப்பிகளுள் இருப்பது யாதென எழுத்தை நம்பியே அறியவேண்டும். தூய்மையில்லாவிடத்துச் சீழ்க்கட்டி எழும். ஊசியைப் பலர் பகிர்ந்தவிடத்து ஈரலழற்சி நோயும் எய்ட்ஸ் நோயும் ஒருவரினின்றும் மற்றொருவர்க்குச் செல்லும்.

எல்லாவற்றினும் கொடியது குருதியிலும் இதயத்திலும் நிகழ்வது. எலும்பின் மச்சை தூண்டப்பட்டுச் செங்குருதி அணு மிகுதலாற் குருதி தடித்து, உறையும் தன்மை கூடுகின்றது. நன்மை செய்யும் கொழுப்பு குறைந்து தீமை செய்யும் கொழுப்பு ஏறுகின்றது. தசை பருப்பதுபோல இதயத்தின் சுவரும் பருக்கின்றது; பருத்த தோள் பளுவைத் தூக்கும், பருத்த இதயமோ குருதியைத் தள்ள மாட்டாது. 2017இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் பளுப் பயில்வோர் 140 ஆடவர் சோதிக்கப்பட்டனர். அவருள் 86 பேர் நெடுநாள் இவ்வின மருந்துகளைக் கொண்டவர். ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை தன்னுள் நிறைந்த குருதியில் நூற்றுக்கு 63 கூறு தள்ளுதல் மருந்து கொள்ளாதார்க்கு இருந்த சராசரி. கொண்டார்க்கு அது 52ஆக வீழ்ந்திருந்தது. டென்மார்க்கு நாட்டில் உடற்பயிற்சிக் கூடங்களிற் சோதனையில் அகப்பட்டோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஆண்டுபலவாகத் தொடர்ந்து நோக்கி 2024இல் வெளியிட்ட கணக்கில், அவர் இறப்பு வீதம் ஒத்த வயதினரதைப் போல ஏறக்குறைய மும்மடங்காக இருந்தது.

இத்துணைக் கேடும் பயில்வோர்க்குத் தெரியாதோ எனின், பலர்க்குத் தெரியும். மருத்துவர் அறியாத நுணுக்கங்களையும் அறிந்து, குருதிச் சோதனையைத் தாமே செய்வித்துக்கொண்டு ஏற்றுவாரும் உளர். ஆகலின் அறியாமை என்னும் சொல்லால் இதனை விளக்கிவிடுதல் ஆகாது. அறிந்தும் செய்விப்பது யாது என்பதே வினா.

1993இல் ஹாரிசன் போப் என்னும் அமெரிக்க உளமருத்துவரும் அவர் துணைவரும், உடற்கட்டுப் பயில்வோர் சிலரிடத்து விந்தையானதொரு நோயைக் கண்டு எழுதினர். எலும்பும் தோலுமாய் மெலிந்தும் தன்னைப் பருத்தவளென்றே காணும் பெண்ணின் நோய் முன்னரே அறியப்பட்டது. இவர் கண்டதோ அதன் மறுதலை. கட்டமைந்த பெருந்தோளினர் தம்மை மெலிந்தவரென்றும் சிறியவரென்றும் மெய்யாகவே கண்டனர். கோடையிலும் தடித்த ஆடையைப் போர்த்து உடம்பை மறைத்தனர்; மேலாடை களைய நாணினர்; நாளிற் பலகாற் கண்ணாடி முன் நின்று நொந்தனர். 1997இல் அதற்குத் தசை பற்றிய உருத்திரிபு மயக்கம் என்னும் பொருள்பட வேறு பெயரிட்டனர். 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவர் சங்கத்துக் கையேட்டிலும் அஃது இடம்பெற்றுள்ளது. ஊசி கொள்வார் அனைவரும் இந்நோயுடையார் அல்லர். ஆயினும் இன்னும் சிறிது பெருத்தால் அமையும் என்னும் எண்ணம், பெருத்தபின் அவ்வெல்லை தள்ளிப்போதல் என்னும் இவை அவர் வாய்மொழிகளில் மீண்டும் மீண்டும் காணப்படுவன.

இவ்விடத்திலேதான் சித்தாந்தம் சொல்லுதற்கு ஒன்று உளது. ஆணவம் என்னும் சொல் அணு என்பதன் வழிவந்தது. இயல்பில் வியாபகமாகிய உயிரை அணுவளவிற்றாய் ஒடுக்குதலின் அம்மலம் அப்பெயர் பெற்றது என்பர் பெரியோர். உலக வழக்கில் ஆணவம் என்பது தன்னைப் பெரியனாக எண்ணும் செருக்கு. சாத்திர வழக்கிலோ அது தன்னைச் சிறியதாகக் காணும்படி உயிரை மறைக்கும் இருள். இரண்டும் முரணுவ போலத் தோன்றினும் முரணா. உள்ளே சிறுமை உணர்ந்தவனே புறத்தே பெருமை தேடுவான். எனவே கண்ணாடி முன் நிற்கும் அவ்விளைஞன் சிறியேன் என்று உணர்வது முழுப்பொய்யன்று. உயிர் குறுகிக் கிடத்தல் உண்மை. அக்குறுக்கத்தை உடம்பின்மேல் ஏற்றிக் காண்பதே பிழை. உயிரின் குறையை உடம்பின் குறையாகக் கண்டு, உடம்புக்கு மருந்திட்டால் அக்குறை எவ்வாறு தீரும்? தோள் இருமடங்காகலாம், தோளைக் காணும் உயிர் ஒடுங்கியபடியே இருக்கும். பிரௌன் செக்காரிடத்து மருந்து புகாமலே பெருமை தோன்றிற்று. இவரிடத்து மருந்து நிறையப் புகுந்தும் சிறுமை நீங்கிற்றில்லை. இருவரிடத்தும் தோன்றியது உடம்பின் செய்தியன்று என்பது இப்பொழுது தெற்றென விளங்கும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பளிங்கு தன்னைச் சார்ந்த நிறத்தைக் காட்டுமாறு போல உயிர் தான் அழுந்திய பொருளின் தன்மையாய் நிற்கும். உணவு, உறக்கம், நட்பு, செலவு, நாட்குறிப்பு எல்லாம் தசை ஒன்றனையே நோக்கி அமைந்தவிடத்து உயிர் தசையாகவே தன்னை அறிகின்றது. இராவணன் கயிலையைப் பெயர்க்க முற்பட்ட வரலாற்றைத் திருஞானசம்பந்தப் பெருமான் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் வைத்தருளினார். இருபது தோளும் அவன் உடையவை. அவற்றை ஒருவரும் குறை கூறார். மலை அவன் தோளைத் தடுத்ததும், தோளே தான் என்று அவன் நின்றான்; திருவிரல் ஒன்று ஊன்றப்பட்டது. அழுது இசைபாடியபோது வாளும் வாழ்நாளும் அருளப்பட்டான். இசை பாடியபோதும் அத்தோள்கள் அவனுடையனவே.

அற்றேல், மருந்துண்டல் பாவமோ? நீரிழிவுடையான் இன்சுலின் ஊசி கொள்ளவில்லையோ எனின், கொள்ளத்தக்கதே. பிறவிக்குறையாலோ நோயாலோ விபத்தாலோ இச்சுரப்பு இலதாயினார்க்கு டெஸ்டோஸ்டிரோன் வழங்குதல் உடம்பாகிய கருவியைச் செப்பஞ்செய்தலே. சுரப்புக் குறைந்தோர் 5,000க்கு மேற்பட்டார்க்குத் தோலிற் பூசும் வடிவில் மருத்துவர் கண்காணிப்பில் அதனைக் கொடுத்து ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவில், மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை என்று காணப்பட்டது. இதயத்துடிப்பு ஒழுங்கின்மை முதலிய சில மட்டும் சிறிது மிகுந்தன. குறையை நிரப்புதலும் நிறைவை வழியவிடுதலும் ஒன்றல்ல. வேண்டுமளவு எண்ணெய் விளக்கை எரிக்கும். அதே எண்ணெய் மிகையாயின் திரி மூழ்கி அவியும்.

திருமூலர் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்திற் காயசித்தி உபாயம் கூறினாரன்றோ, உடம்பை வளர்த்தல் சைவர்க்கும் உடன்பாடன்றோ என்று கேட்பாரும் உளர். உடன்பாடே. ஆயின் யோகியின் நோக்கு உடம்பு நெடுங்காலம் கருவியாய் உதவ வேண்டும் என்பது. அவன் மூச்சை அளக்கின்றான், தோளை அளப்பதில்லை. ஊசியால் வளர்ந்த உடம்போ அழகின் உச்சியில் நிற்குங்கால் வாணாளைச் சுருக்கிக்கொள்கின்றது. உபாயத்தின் பயன் எதிர்மாறாயின் உபாயம் ஒன்றென்று கூறுதல் யாங்ஙனம்?

என் உடம்பு என்னுடையது, எனக்கே நான் கேடு செய்துகொள்வதில் பிறர்க்கென்ன என்பது மூன்றாவது வழக்கு. இக்காலத்தில் வலிமை மிக்க வழக்கும் இதுவே. தனு முதலியன முதல்வனால் இரவலாகத் தரப்பட்டவை என்று கொள்வாரிடத்து இது செல்லாது; கொள்ளாதாரிடத்தும் முற்றும் செல்லுமாறில்லை. மனைவியின் மகப்பேறு முன்னரே காட்டப்பட்டது. கூடத்தில் இவன் தோளைக் கண்டு, இது வெறும் உழைப்பால் வந்தது என்று நம்பி, தன்னால் ஆகாமை கண்டு மனம் உடையும் பதினேழு வயதினனும் ஒருவன் உளன். மறைத்தவன் அவனுக்குப் பொய் கூறினவனேயாவன். இனி, கொடுப்பவன் வேறு, கொள்பவன் வேறாயவிடத்து வினை யார்மேற்று என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி சான்றாகும். 1974 முதல் அந்நாட்டரசு மறைவான திட்டத்தின்வழி விளையாட்டு வீரர்க்கு, இளஞ்சிறுமியர் உட்பட, இவ்வினத்து மாத்திரைகளை வைட்டமின் என்று சொல்லிக் கொடுப்பித்தது. அச்சிறுமியர் பலர் தடித்த குரலும் நோயுற்ற உடம்புமாய் வளர்ந்தனர். 2000இல் பெர்லின் நீதிமன்றம் அத்திட்டத்தின் தலைவர் இருவரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. உடம்பில் விளைந்த கேடு அறிந்து ஏற்றார்க்கும் அறியாது உண்டார்க்கும் ஒன்றே. அறியாது உண்டவர்க்கு அது நுகர்வினையாய்க் கழியும். தெரிந்து தந்தவர்க்கு ஏறுவினையாய்ச் சேரும்.

இவ்வழக்கிற் புக்கவருள் விடக் கருதியும் விடமாட்டாதார் பலர். ஊசி நின்றவுடன் புறத்து வரவும் இல்லை, அகத்துச் சுரப்பும் உறங்குகின்றது. அவ்விடைக்காலத்தில் தசை கரையும், வேட்கை அவியும், உறக்கம் கெடும், உள்ளம் இருண்டு தற்கொலை எண்ணமும் சிலர்க்கு எழும். முன்னரே சிறியேன் என்றிருந்தவன் இப்பொழுது மெய்யாகவே சிறுக்கின்றான். கண்ணாடி அதனைக் காட்டுகின்றது. மீட்டும் ஊசியை எடுக்கின்றான். ஆகலின் அக்காலத்தில் அருகிருப்பார் நகைத்தலும் இடித்தலும் தகா. மறையாது எல்லாவற்றையும் மருத்துவரிடம் கூறச்செய்து, குருதியில் இச்சுரப்பின் அளவையும் பிட்யூட்டரி ஏவலின் அளவையும் செங்குருதி அணுவையும் காண்பித்து, இதயத்தையும் சோதிப்பித்தல் வேண்டும். பெரும்பாலார்க்குச் சுரப்பு மாதங்கள் சிலவற்றில் மீளும். நெடுநாட் பயின்றார்க்கு ஓராண்டுக்கு மேலும் நீளும். சிலர்க்கு முழுதும் மீளாது, அவர் மருத்துவர் தரும் அளவிலேயே வாழ்நாள் முழுதும் நிற்கவேண்டியிருக்கும். உழைத்துப் பழகிய உடம்பு வாளா இருத்தலை ஆற்றாது. அப்பரடிகள் கையில் உழவாரம் இருந்தது. திருவீதியிற் புல் செதுக்கலும், திருக்குளத்துச் சேறு வாரலும், நந்தவனத்திற்கு நீர் சுமத்தலும் ஆகிய சரியைத் தொண்டுகட்கு வலிய தோள் வேண்டும். அங்குக் கண்ணாடி இல்லை. அத்தொண்டில் நிற்குங்காலும் மூன்று மாதத்திற்கொருமுறை குருதிச் சோதனையை விடாது செய்துகொள்ளல் வேண்டும்.